அக்காவோட வந்தனான்

போன வியாழக்கிழமை சாயங்காலம் வெம்பக்கோட்டை ரோட்டில் சிவகாசியைப் பார்த்து நடந்துகொண்டிருந்தேன். பஸ் போய்விட்டது. சட்டைப்பையில் ஒரு படிவத்தின் ஜெராக்ஸ்.

அகதி முகாம் ஒன்றில் புது வீடு கட்டுகிறார்கள். நாலு நாள் சிமென்ட் குழைத்தேன். வேலை முடிந்ததும் வழக்கம்போலக் கிளம்பியிருக்க வேண்டும். ஒரு மனு எழுதிக் கொடுத்து மாட்டிக்கொண்டேன்.

ஏழாவதோடு நின்றவன் நான். ஆனாலும் வாராவாரம் இங்கே எழுதுகிறேன் இல்லையா? மனுவும் எழுத வரும் என்று முகாமில் நம்பிவிட்டார்கள்.

மனு தர்சினிக்கு. வயது பதினான்கு. இலங்கையிலிருந்து படகில் வந்தவள். அம்மா இல்லை. பின்னால் வருகிறேன் என்று ஏற்றிவிட்ட அப்பா வரவில்லை, போனும் எடுப்பதில்லை. தனியாக வரும் பிள்ளைகளுக்கு அரசு இல்லம் உண்டு. அங்கே தங்கி ஒன்பதாம் வகுப்பு படிக்கலாம்.

ஆனால் காகிதத்தில் அவள் தனியாக வரவில்லை!

கரையில் இறங்கியதும் யாரோடு வந்தாய் என்று ஒரு அதிகாரி கேட்டிருக்கிறார். "அக்காவோட வந்தனான்" என்றிருக்கிறாள். அவர் எழுதிவிட்டார் — உடன் வந்தவர்: உடன்பிறந்த சகோதரி.

அந்த அக்கா யார்? தர்சினியிடமே கேட்டேன்.

"படகில ஏறேக்க கையைப் பிடிச்சுத் தூக்கிவிட்டவா. அதுக்கு முன்னம் எனக்கு அவவைத் தெரியாது."

நல்ல மனுஷி. கொஞ்ச நாள் சோறு போட்டு வைத்துக்கொண்டாள். போன மாதம், சொந்தக்காரர்கள் இருக்கிற ஈரோட்டுப் பக்கத்து முகாமுக்கு மாற்றல் வாங்கிப் போய்விட்டாள். தர்சினிக்கு இப்போது வேளைக்கொரு வீட்டில் சாப்பாடு.

இதற்குள் ஒரு வேன்காரர் மோப்பம் பிடித்துவிட்டார். பட்டாசு பேக்கிங்குக்கு ஆள் ஏற்றுகிறவர். "பதினெட்டுன்னு சொல்லிரு தாயி, மத்ததை நான் பாத்துக்கிடுதேன்." திங்கட்கிழமை வண்டி ஏறச் சொல்லியிருக்கிறார்.

அதனால்தான் வியாழக்கிழமை மத்தியானம் மனுவோடு தாலுகா ஆபீஸுக்குப் போனேன். கிளார்க் பொறுமையான மனிதர். படிவத்தை எடுத்துக் காட்டினார்.

"இங்கன சகோதரின்னு தெளிவா இருக்கு பாருங்க. பெறகு எப்படித் தனியா வந்த பிள்ளைங்கீக?"

சொல்லிவிட்டு, பெருக்கிக்கொண்டிருந்த பெண்மணியிடம், அக்கா, ரெண்டு டீ சொல்லுங்க என்றார்.

"அவுக உங்க கூடப் பிறந்தவுகளா சார்?" என்றேன்.

என்னைப் பார்த்தார். படிவத்தைப் பார்த்தார்.

"சரியான குசும்புக்காரரா இருக்கீகளே..."

சிரித்தார். ஆனால் திருத்த அவருக்கு அதிகாரம் இல்லையாம். அந்த அக்காவே, நான் இவளுக்கு உடன்பிறந்தவள் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டுமாம். போனில் சொன்னால் செல்லாது. தபாலில் கேட்டு வாங்கினால் திங்கட்கிழமைக்குள் வருமா? அவரும் தலையைச் சொறிந்தார். டீயைக் குடிக்கச் சொல்லி, ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தார்.

நம் ஊரில் யார்தான் அக்கா இல்லை? பூ விற்கிறவர், ஊசி போடுகிறவர், ஓட்டுக் கேட்டு வருகிறவர் — எல்லாருமே அக்காதான். பேச்சில் அது ஒரு மரியாதை. அரசாங்கம் அதைச் சொந்தம் என்று எழுதிக்கொண்டு கையைத் துடைத்துக்கொண்டது. கடல் தாண்டி வரும் பிள்ளைக்கு ஆள் உண்டா இல்லையா என்று பார்ப்பது அரசாங்கத்தின் வேலை. அதற்குத் தனித் திட்டமெல்லாம் எதற்கு? கூடப் பிறந்த அக்காவா என்று இன்னொரு கேள்வி போதும். வரிசையில் ஆட்கள் நின்றிருப்பார்கள், அந்த அதிகாரிக்கும் அசதி இருந்திருக்கும்... சரி. ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்கத்தானே அவரை அங்கே உட்கார வைத்திருக்கிறோம்?

மறுநாள் காலையே சிவகாசியில் ஒரு வேலை கிடைத்தது. காலண்டர் லோடு ஏற்றும் லாரியில் கிளீனர். சம்பளம் சுமார்தான். வண்டி ஈரோடு போகிறது என்றார்கள்.