கரகரப்புக்கு ஒரு மைக்

சங்கரன்கோவிலில் ராஜபாளையம் ரோட்டில் இருக்கிற அந்த சவுண்ட் சர்வீஸ் கடையின் பெயர்ப்பலகையில் சாம்சனின் பெயர்தான் இருக்கிறது. ஆனால் மைக்கோ ஆம்ப்ளிஃபயரோ பழுதாகி வருகிறவர்கள் கேட்பது, எப்சிபாக்கா இருக்காவளா என்றுதான். சாம்சன் வேனில் ஸ்பீக்கர் பாக்ஸை ஏற்றிக்கொண்டு கல்யாணம், கோயில் கொடை விழா, சபைக் கூட்டம் என்று போய்விடுவார். கடையில் சால்டரிங் அயர்னும் கையுமாக உட்கார்ந்திருப்பவர் அவருடைய மனைவி எப்சிபா. ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரானிக்ஸ் படித்தவர்.

சத்தம் சுத்தமாக இருக்க வேண்டும் என்பதில் எப்சிபாவுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போயிருந்தபோது, மாப்பிள்ளை உறுதிமொழி சொல்கிற நேரம் பார்த்து மைக் கரகரத்தது. அது வேறொருவர் போட்டிருந்த மைக் செட். எப்சிபா பட்டுச்சேலையோடு எழுந்து முன்னால் போய், மாப்பிள்ளையின் காலடியில் குனிந்து வயரை மாற்றிவிட்டு, "இப்பச் சொல்லச் சொல்லுங்கய்யா" என்று குருவானவரிடம் சொல்லிவிட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்தார். அந்தக் கல்யாண வீடியோவில் மாப்பிள்ளையை விட எப்சிபாவின் முதுகுதான் நன்றாகத் தெரியும் என்று சாம்சன் இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்.

அப்பேர்ப்பட்டவரிடம்தான் சில வருஷங்களுக்கு முன்னால், ஒரு ஐப்பசி மழை நாளில், கடையநல்லூரிலிருந்து முகம்மது ஹுசைன் வந்து சேர்ந்தார். ஐம்பதை ஒட்டிய வயது. இடது கையை ஒரு துண்டால் போர்த்தியிருந்தார். மழைக்காகப் போர்த்தியிருக்கிறார் என்று நினைத்து, உள்ளே வந்து தலையைத் துவட்டச் சொன்னார் எப்சிபா. அவர் துண்டை எடுக்கவில்லை.

"தங்கச்சி, எனக்கு ஒரு மைக் வேணும். ஆனா சத்தம் சுத்தமா வரக் கூடாது" என்றார்.

எப்சிபாவுக்குப் புரியவில்லை. ஹுசைன் நிதானமாகச் சொன்னார். ஷார்ஜாவில் அலுமினிய ஜன்னல் செய்கிற பட்டறையில் பல வருஷம் வேலை பார்த்தவர். ஒரே அறையில் தங்கியிருந்த கோவாக்காரர் ஒருவர் மவுத் ஆர்கன் வாசிப்பார். சாதாரணமாக நாம் கேட்கிற சினிமாப் பாட்டு இல்லை. ப்ளூஸ் என்கிற இசை. அதை வாசிக்கிறவர்கள் மவுத் ஆர்கனையும் மைக்கையும் சேர்த்து இரண்டு கைகளுக்குள் பொத்திக்கொள்வார்கள். காற்று வெளியே போகாமல் கைக்குள்ளேயே அடைபட்டு, சத்தம் நசுங்கித் தடித்து, தொண்டை கட்டின ஆள் விடாமல் பாடுகிற மாதிரி வரும். அந்தக் கரகரப்புத்தான் அதன் உயிர். கோவாக்காரரிடம் கேட்டுக் கேட்டு ஹுசைனும் வாசிக்கப் பழகிவிட்டார். பிறகு பட்டறையில் வெட்டும் மெஷின் இடது கையின் கடைசி இரண்டு விரல்களை எடுத்துக்கொண்டது. ஊருக்குத் திரும்பிவிட்டார்.

இதற்கென்றே வெளிநாட்டில் செய்கிற மைக்குகள் உண்டு. எல்லாம் குண்டாகக் கனமாக இருக்கும். பத்து விரலும் உள்ளவர்கள் பிடிப்பதற்காகச் செய்தவை. ஹுசைன் பிடித்தால் விரல் இல்லாத சந்து வழியாகக் காற்று போய்விடும். சத்தம் மெலிந்துபோகும், ஸ்பீக்கர் ஊளையிடும்.

"கரகரப்ப எடுக்கதுக்குத்தான் நான் படிச்சிருக்கேன் அண்ணாச்சி. சேக்கதுக்குப் படிக்கல" என்றார் எப்சிபா.

ஹுசைன் மழை விடுகிற வரைக்கும் ஒரு பாட்டு வாசிக்கட்டுமா என்று மட்டும் கேட்டார். சட்டைப் பையிலிருந்து மவுத் ஆர்கனை எடுத்து, துண்டுக்குள்ளேயே இடது கையை வைத்துக்கொண்டு வாசித்தார். ரயில் தூரத்திலிருந்து கிட்டே வருகிற மாதிரி தொடங்கி, அழுகையா கேலியா என்று பிரிக்க முடியாத ஒரு இழுப்பில் போய் நின்றது. எப்சிபா கையிலிருந்த சால்டரிங் அயர்னை ஸ்டாண்டில் வைத்துவிட்டார். யார் பாட்டு இது என்று கேட்டதற்கு, அமெரிக்காவில் பருத்திக் காட்டில் வேலை செய்த கறுப்பு மக்களிடமிருந்து வந்தது என்றார் ஹுசைன்.

எப்சிபா பிறந்தது பனவடலிசத்திரத்தில். பள்ளிக்கூட லீவு நாட்களில் அப்பாவின் கரிசலில் பருத்தி எடுத்து, காயின் உலர்ந்த தோடு குத்தி விரல் நுனியெல்லாம் கீறிக்கிடக்கும். அதையெல்லாம் அவர் ஹுசைனிடம் சொல்லவில்லை. அடுத்த வாரம் வரச் சொன்னார்.

முதலில், மேடையில் பேசுகிற மைக்கின் உள்பாகத்தை எடுத்து பிவிசி பைப் மூடி ஒன்றுக்குள் பொருத்தினார். வாசித்துப் பார்த்த ஹுசைன், பள்ளிக்கூட ஆண்டு விழாவில் வாசிக்கிற மாதிரி இருக்கிறது என்றார். அடுத்து, செல்போனில் இருப்பது போன்ற பொடி மைக் ஒன்றை வைத்தார். ஹுசைன் மூச்சை விட்டதும் அது ஊளையிட்ட ஊளையில் பக்கத்துத் தையல் கடைக்காரர் எழுந்து வந்துவிட்டார். அதற்குப் பிறகு எப்சிபாவுக்கு அது ஒரு சவாலாகிவிட்டது. பழுது பார்க்க வந்தவை மேஜையில் காத்துக் கிடந்தன.

சரியான வழி எதிர்பாராத இடத்தில் கிடைத்தது. வீட்டில் லேண்ட்லைனை எடுத்துவிட்ட பிறகு பழைய போன் ஒன்று கடைக்கு வந்து சேர்ந்திருந்தது. அதில் காதில் வைத்துக் கேட்கிற பக்கத்தில் ஒரு காந்தமும் சுருளும் மெல்லிய தகடும் இருக்கும். அதில் நாம் கேட்கலாம். திருப்பி அதனிடமே பேசினால் அது மைக்காகவும் வேலை செய்யும். போனில் வருகிற குரல் எப்படி இருக்கும்? அடியும் இருக்காது, உச்சியும் இருக்காது, நடுவில் மட்டும் அழுத்தமாக இருக்கும். எப்சிபா அதைக் கழற்றி, ஒரு சின்ன டிரான்ஸ்ஃபார்மரையும் சேர்த்து, மாமனார் காலத்து வால்வு ஆம்ப்ளிஃபயரில் கொடுத்தார். ஹுசைன் வாசித்தார். நடுவில் நிறுத்திவிட்டு, மறுபடி முதலிலிருந்து வாசித்தார்.

சாப்பாட்டுக்கு வந்திருந்த சாம்சன் வாசலில் நின்று கேட்டார். "ஏட்டி, கெட்டுப்போன சத்தத்தக் கேட்டு நீ சிரிக்கத இன்னைக்குத்தான் பாக்கேன்" என்றார்.

ஆனால் காற்று இன்னும் போய்க்கொண்டுதான் இருந்தது. எங்கே போகிறது என்று பார்க்க வேண்டும், துண்டை எடுங்கள் என்று எப்சிபா கேட்டபோது ஹுசைன் தயங்கினார். அன்றைக்கு அவருடைய மனைவி மஹ்பூபாவும் கூட வந்திருந்தார். அவர் எழுந்து, கணவரின் கையிலிருந்து துண்டை உருவி மடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். ஹுசைன் வாசிக்க, எப்சிபா ஒரு துணுக்குப் பஞ்சை அவர் கையைச் சுற்றிக் காட்டிக்கொண்டு வந்தார். இரண்டு இடங்களில் பஞ்சு படபடத்தது. ஒன்று விரல் இல்லாத இடம். இன்னொன்று கட்டை விரலின் அடி. அது எல்லோருக்குமே இருக்கிற சந்துதான்.

கையின் அச்சு வேண்டும் என்று எப்சிபா கேட்டதும், அந்த வேலையை மஹ்பூபா எடுத்துக்கொண்டார். வீட்டில் சப்பாத்தி மாவை இறுக்கமாகப் பிசைந்து, கணவரை மைக் பிடிக்கிற மாதிரி பிடிக்கச் சொல்லி, சந்துகளில் அப்பி, காயவைத்து டப்பாவில் கொண்டுவந்தார். முதல் அச்சு வழியில் விண்டுபோயிற்று. அடுத்ததில் உப்பு கூடப் போட்டுப் பிசைந்தேன் என்றார். அந்த அச்சைப் பார்த்து, லாரி டயர்க்கடையில் வாங்கின ரப்பரைச் செதுக்கி, மைக்கைச் சுற்றிப் போடுகிற ஒரு பட்டை செய்தார் எப்சிபா. ஒரு பக்கம் மேடு, ஒரு பக்கம் பள்ளம். ஹுசைன் பிடித்ததும் அது அவர் கையோடு கையாக உட்கார்ந்துகொண்டது. பஞ்சு அசையவில்லை.

அந்த மைக்கோடு ஹுசைன் முதன்முதலாக மேடை ஏறியது தென்காசியில். இளைஞர்கள் சிலர் சேர்ந்து நடத்திய ஒரு மாலை நிகழ்ச்சி. எப்சிபாவும் மஹ்பூபாவும் முன் வரிசையில் இருந்தார்கள். கூட ஒரு கிட்டார்க்காரர் வாசிக்க, முதல் பாட்டு நன்றாகப் போனது. இரண்டாவது பாட்டின் நடுவில் சத்தம் போர்வைக்குள்ளிருந்து வருவது போல மங்கிக்கொண்டே போய், அப்படியே நின்றுவிட்டது. எப்சிபாவுக்கு உடனே புரிந்தது. வாசிக்கிறவரின் மூச்சு ஈரம் முழுவதும் மைக்குக்குள்தான் போகிறது. காற்று வெளியே போகாமல் அடைத்தவரே எப்சிபாதான். தகட்டில் ஈரம் கோத்துவிட்டது. எப்சிபா மேடைக்கு எழுந்து ஓடப் பார்த்தார். மஹ்பூபா அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"இருங்க. அவுக நிறுத்தல பாருங்க."

ஹுசைன் மைக்கைச் சட்டைப் பைக்குள் போட்டுவிட்டு, வெறும் மவுத் ஆர்கனை வாசித்துக்கொண்டிருந்தார். மண்டபம் கொஞ்சம் கொஞ்சமாக அமைதியானது. கேட்க வேண்டும் என்பதற்காகப் பின்னாலிருந்தவர்கள் முன்னால் வந்து நின்றார்கள். அவர் இரண்டு கைகளையும் விளக்கு வெளிச்சத்தில் விரித்தும் மூடியும் வாசித்தார். கைத்தட்டல் வந்தபோது, கூட வாசித்த கிட்டார்க்காரரைக் காட்டி இடது கையைத்தான் உயர்த்தினார்.

திரும்பி வரும்போது வேனில் எப்சிபா மைக்கைக் கழற்றிப் பார்த்துக்கொண்டே வந்தார். தன் வேலை ஊர் முன்னால் தோற்றுவிட்டதென்ற வருத்தம். மஹ்பூபாதான் பேச்செடுத்தார்.

"கல்யாண வீட்டுல சாப்பிட உக்காந்தாக்கூட அந்தக் கைய மடியிலதான் வச்சிருப்பாக. ஊரு பாக்க அவுக அதத் தூக்கினத நான் இன்னைக்குத்தான் பாத்தேன். மைக்க நீங்க மெதுவாச் சரி பண்ணுங்க."

ஈரத்தைத் தடுக்கப் பல துணிகளைப் போட்டுப் பார்த்தார் எப்சிபா. பிளாஸ்டிக் தாள் போட்டால் மொடமொடத்தது. மெல்லிய துணி போட்டால் நனைந்தது. கடைசியில் சாம்சனின் கம்பி ஒடிந்த குடையில் ஒரு வட்டம் வெட்டி, தகட்டுக்கு முன்னால் இழுத்துக் கட்டினார். தண்ணீர் ஒட்டவில்லை. அதோடு, காதைக் குத்துகிற கீச்சுச் சத்தமும் கொஞ்சம் மட்டுப்பட்டது, ஊளையும் குறைந்தது. இது, தான் திட்டமிட்டுச் செய்ததில்லை, தானாக அமைந்தது என்பதைப் பார்க்கிறவர்களிடமெல்லாம் எப்சிபா சொல்லிவிடுவார். ஹுசைன் ஒரு சாயங்காலம் முழுக்க மூச்சு முட்ட வாசித்துப் பார்த்தார். மைக் சாகவில்லை.

மறு வருஷம் கொச்சியில் மவுத் ஆர்கன் வாசிக்கிறவர்கள் ஒன்றுகூடினார்கள். ஹுசைன் போனார். அங்கே அவருடைய மைக்கைக் கேட்டவர்களெல்லாம் வாங்கி வாங்கிப் பிடித்துப் பார்த்தார்கள். யார் கையிலும் அது சேரவில்லை. ஹுசைனின் கைக்காகச் செதுக்கின மேடு அவர்களுடைய விரலை இடித்தது. ஆனாலும் சத்தம் பிடித்துப்போனது. எங்கே வாங்கினீர்கள் என்று கேட்டவர்களுக்குச் சங்கரன்கோவில் என்று சொன்னதும், அது எந்த நாட்டில் இருக்கிறது என்று ஒருவர் கேட்டாராம். அதைச் சொல்லும்போது ஹுசைன் வயிறு குலுங்கச் சிரித்தார்.

மைக் ஒன்றுதான், கை வேறு வேறு என்று எப்சிபாவுக்கு அப்போதுதான் உறைத்தது. மைக்கை எல்லோருக்கும் பொதுவாகச் செய்துவிட்டு, ரப்பர் பட்டையை மட்டும் அவரவர் கைக்குத் தகுந்தபடி மாட்டிக் கழற்றுகிற மாதிரி மாற்றினார். பைப் மூடிக்குப் பதிலாக, கட்டில் கால் கடைகிற காசி என்பவர் பூவரச மரத்தில் லேசான கூடு கடைந்து கொடுத்தார். வலது கட்டை விரல் படுகிற இடத்தில் வால்யூமைக் குறைக்க ஒரு சின்னச் சக்கரம். மைக் கேட்கிறவர்கள், பிடிக்கிற மாதிரி கையை வைத்து நாலு பக்கமும் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டும். சிலர் மாவு அச்சே அனுப்புகிறார்கள். உப்பின் அளவை மஹ்பூபா போனில் சொல்லிக்கொடுப்பார். ரப்பர் செதுக்குவதும் இப்போது அவர் வேலைதான். எப்சிபாவை விட அவர் கையில் கத்தி நன்றாகப் பேசுகிறது.

பெரிய வியாபாரம் ஒன்றும் இல்லை. மாதத்துக்கு ஒன்றோ இரண்டோ போகிறது. மற்ற நேரத்தில் எப்சிபா வழக்கம்போல ஆடித்தபசுத் திருவிழாவுக்குப் போய்வந்த ஹார்ன் ஸ்பீக்கர்களையும் பள்ளிக்கூடத்து ஆம்ப்ளிஃபயர்களையும் பழுது பார்க்கிறார். அவற்றில் துளிக் கரகரப்பு இருந்தாலும் வெளியே விடுவதில்லை. ஒரே மேஜையில் இந்தப் பக்கம் கரகரப்பை எடுப்பதும் அந்தப் பக்கம் சேர்ப்பதும் நடக்கிறது.

போன சனிக்கிழமை நான் கடைக்குப் போயிருந்தேன். கோஹிமாவில் இருக்கிற ஒரு டீச்சருக்காகச் செய்த மைக் தயாராகியிருந்தது. மிகச் சின்னக் கை அந்த அம்மாவுக்கு. எந்த மைக்கையும் ஹுசைன் வாசித்துப் பார்த்த பிறகுதான் அனுப்புவார்கள். இதை அவரால் பிடிக்கவே முடியவில்லை. எப்சிபாவின் கைக்கும் பொருந்தவில்லை. எல்லோரும் மஹ்பூபாவின் கையைப் பார்த்தார்கள்.

"எனக்கு ஊதத் தெரியாதே" என்றார் மஹ்பூபா.

தெரிய வேண்டாம், மூச்சை உள்ளே இழு, அது போதும் என்றார் ஹுசைன். மஹ்பூபா முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு, மைக்கையும் மவுத் ஆர்கனையும் கைக்குள் பொத்தி, கண்ணை மூடிக்கொண்டு ஒரு மூச்சு இழுத்தார். ஸ்பீக்கரிலிருந்து கனமாக, கரகரவென்று ஒரு சுருதி எழுந்து கடை முழுக்க நின்றது. அவர் பயந்து கையை விட்டுவிட்டார். பிறகு சிரித்தார். அது, தான் எழுப்பின சத்தம்தானா என்று ஹுசைனைப் பார்த்துக் கேட்டார். ஆமாம் என்று அவர் தலையாட்டினார்.

"இன்னொரு தடவ இழுக்கேன்" என்று சொல்லி மறுபடி கையைப் பொத்தினார் மஹ்பூபா. எப்சிபா கையை நீட்டி வால்யூமைக் கொஞ்சம் கூட்டி வைத்தார்.