எட்டு வளையல்களும் ஓர் அட்டிகையும்

1977 ஜூன் ஒன்பதாம் தேதி, வியாழக்கிழமை, காலை பத்தே கால் மணி. இடவப்பாதி மழை சங்குமுகம் கடலிலிருந்து சாய்ந்து அடித்துக்கொண்டிருந்தது. திருவனந்தபுரம் விமான நிலையத்துச் சுங்க மேசையின்மேல் என் அக்கா தன் கழுத்திலிருந்த அட்டிகையைக் கழற்றி வைத்தாள். மழை இருட்டில் மேசை விளக்கைப் போட்டிருந்தார்கள். அந்த மஞ்சள் வெளிச்சத்தில் அட்டிகையின் மாங்காய்கள் பளபளத்தன. கொழும்பு விமானத்துக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. அவள் மகளின் கல்யாணத்துக்குப் பதினொரு நாள்.

அக்காவைக் கொழும்பில் கட்டிக் கொடுத்திருந்தோம். அத்தானுக்கு அங்கே மளிகைக்கடை. மகளுக்கு வரன் அமைந்ததும் அக்கா மட்டும் திருவனந்தபுரம் வந்தாள். மணப்பெண் கழுத்தில் தாய் பிறந்த ஊரில் செய்த அட்டிகை ஏற வேண்டும் என்பது எங்கள் குடும்ப வழக்கம். அம்மாவுக்கு அப்படித்தான், அக்காவுக்கும் அப்படித்தான். அக்காவுடையதை அத்தான் கடை வைத்த காலத்தில் விற்றாகிவிட்டது. மாப்பிள்ளை வீட்டாரிடம் அட்டிகை போடுகிறோம் என்று வாக்கும் கொடுத்திருந்தார்கள். புதிதாகப் பொன் வாங்க வசதியில்லை. கையில் கிடந்த எட்டு வளையல்களை உருக்கிக்கொள்ளலாம் என்று போட்டுக்கொண்டு வந்தாள்.

வந்து இறங்கிய அன்றே சுங்கத்தில் அந்த வளையல்களை ஒரு தாளில் குறித்து, பாஸ்போர்ட்டோடு பின் குத்திக் கொடுத்தார்கள். வெளிநாட்டிலிருந்து வருகிறவர் போட்டு வந்த நகைக்குத் தீர்வை இல்லை; திரும்பும்போது அதைக் கொண்டுபோய்விட வேண்டும், அவ்வளவுதான் விதி. தாளை வாங்கிப் படித்தேன். ‘தங்க வளையல், சாதா, எட்டு’ என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. எடை எழுதவில்லை. எனக்கு அது பொறுக்கவில்லை. பள்ளியில் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறவன் நான்; ஊரில் எல்லாருக்கும் ‘மாஷ்’. எடையையும் எழுதுங்கள் என்று இரண்டு முறை கேட்டேன். “அதொண்ணும் வேண்டா மாஷே” என்று அந்த அதிகாரி அடுத்த பெட்டிக்குப் போய்விட்டார். அக்கா என் தோளைத் தட்டினாள். “வா தம்பி. மழை பெய்தா நீ துளி எண்ணி முடிச்சிட்டுத்தான் குடை விரிப்பே.”

அந்தத் தாளில் எடை இல்லாததுதான் அடுத்த இருபது நாளும் எனக்கு உறக்கம் கெடுத்தது. போகும்போது நிறுத்துப் பார்த்து, குறைகிறது என்று சொல்லிவிட்டால்? சாலைக் கடைத்தெருவுக்குப் பின்னால் எங்கள் அம்மாவுக்கு அட்டிகை செய்த ஆசாரியின் மகன் இருந்தார். அவருடைய தராசில் முதலில் நிறுத்தோம். சரியாக எட்டுப் பவுன். உருக்கினால் சேதாரம் போகும். அரைப் பவுன் பொன்னைத் தனியாக வாங்கிக் கொடுத்து, முடிகிறபோது எட்டுப் பவுனுக்கு ஒரு குன்றிமணிகூடக் கூடவோ குறையவோ கூடாது என்று சொன்னேன்.

ஆசாரி ஊதுகுழலை வாயிலிருந்து எடுத்துவிட்டுச் சிரித்தார். “சாரே, பொண்ணு கழுத்துக்கா செய்யுதேன், கவர்மெண்டு கழுத்துக்கா?”

“ரெண்டுக்கும் சேர்த்துதான் செய்யுங்க” என்றாள் அக்கா.

வளையல்கள் உருகியபோது அவள் பார்க்கவில்லை. தெருப்பக்கம் திரும்பி நின்றுகொண்டாள். வெறும் கையை முந்தானையில் சுற்றி வைத்திருந்தாள். இருபது வருடம் கழற்றாத வளையல்கள். ஆனால் அட்டிகை முடிந்து, அதைக் கழுத்தில் வைத்துக் கண்ணாடி பார்த்தபோது அவள் முகம் மாறிவிட்டது. “அம்மாவுக்கு உள்ளது மாதிரியேதான் இருக்கு, இல்லியா டே” என்று நாலைந்து முறை கேட்டாள்.

எங்கள் சொந்தத்தில் யாரும் இதில் தப்பு இருக்கும் என்று நினைக்கவில்லை. பொன்னை உருவத்தால் பார்ப்பது எங்களுக்குப் பழக்கமில்லை. மோதிரம் தோடாகும், தோடு சங்கிலியாகும். வீட்டில் எத்தனை பவுன் என்று கேட்பார்களே ஒழிய, என்ன நகை என்று இரண்டாவதாகத்தான் கேட்பார்கள். பவுன் குறையாதவரை அது அதே பொன்தான்.

அன்று சுங்க மேசைக்கு அப்பால் இருந்தவர் இளம் அதிகாரி, மரியாதை தெரிந்தவர். தாளைப் பார்த்தார், அக்காவின் கையைப் பார்த்தார்.

“அம்மா, வளை எவிடே?”

“இதுதான் சார் வளையல்” என்று அக்கா அட்டிகையைக் காட்டினாள்.

அவருக்குப் புரியவில்லை. நான் ஆசாரியின் எடைச்சீட்டை எடுத்து நீட்டி, எட்டுப் பவுன் வந்தது, எட்டுப் பவுன் போகிறது என்று விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

“மாஷே, எட்டுப் பவன் எட்டுப் பவன்தன்னே. நான் இல்லைன்னு சொல்லலை. பக்ஷே பேப்பரில பவன் இல்லையே, வளைன்னல்லே எழுதியிருக்கு. வளை இங்கே வந்தது, திரும்பப் போகலை. அதுக்கு டியூட்டி கெட்டணும். இந்த மாலை இந்தியாவில செய்தது. பெர்மிட் இல்லாமல் வெளியே விட முடியாது.”

அக்கா வெறும் கைகள் இரண்டையும் மேசைமேல் நீட்டினாள். “அப்போ எங்கிட்டே இப்ப பதினாறு பவுனா சார் இருக்கு? அந்த எட்டையாவது காட்டுங்க, போட்டுக்கிட்டுப் போறேன்.”

பக்கத்து மேசையில் ஒருவர் சிரித்துவிட்டார். இளம் அதிகாரி சிரிக்கவில்லை. உள்ளே போய் மேலதிகாரியிடம் பேசிவிட்டு வந்து, கொச்சி அலுவலகத்துக்கு மனுப் போடலாம், முடிவு தெரியச் சில மாதம் ஆகும் என்றார். அதுவரை அட்டிகை அவர்கள் வசம். தீர்வைக்கு நான் பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போட்டால் அக்கா விமானம் ஏறலாம்.

கையெழுத்துப் போட்டேன். அட்டிகையைத் துணியுறையில் போட்டு அரக்கு முத்திரை வைத்தார்கள். அக்கா அழவில்லை. “புள்ளைக்கிட்ட என்னன்னு சொல்லுவேன் தம்பி” என்று மட்டும் கேட்டாள். வெறுங்கழுத்தும் வெறுங்கையுமாக, மழையில் குடை பிடித்தபடி விமானத்தை நோக்கி நடந்தாள். அதற்குப் பிறகு அவள் இந்த ஊருக்கு வரவே இல்லை.

கல்யாணம் நடந்தது. பக்கத்துவீட்டு அம்மாளிடம் இரவல் வாங்கிய கல் அட்டிகையை மணப்பெண் போட்டிருந்தாள். மாப்பிள்ளை வீட்டாருக்கு அது இரவல் என்று மறுநாளே தெரிந்துவிட்டது. ரொம்ப நாள் பேச்சுக் கேட்க வேண்டியிருந்தது என்று அத்தான்தான் எழுதினார், அக்கா அல்ல.

நான் கொச்சிக்கு நான்கு முறை போய் வந்தேன். அங்கே யாரும் என்னைத் திருடனாக நடத்தவில்லை. அதுவே ஒருவிதத்தில் கஷ்டமாக இருந்தது. யாரிடமாவது கோபப்பட்டிருந்தால் மனம் ஆறியிருக்கும். பதினான்கு மாதம் கழித்து, தீர்வையும் அபராதமும் கட்டி அட்டிகையை மீட்டேன். ஆனால் மீட்டதை அக்காவுக்கு அனுப்ப அனுமதி கிடைக்கவில்லை. பொன் வெளியே போகக் கூடாத காலம் அது. “புள்ளைக்கே வச்சிரு” என்று அக்கா எழுதினாள். அந்தக் கடிதத்திலும், அதற்குப் பின் வந்த ஒவ்வொரு கடிதத்திலும், கடைசி வரியில் ஒரே கேள்வி: ‘உனக்கு எவ்வளவு செலவாச்சுன்னு நீ இன்னும் சொல்லலை.’ நான் வேறு விஷயங்களை எழுதி அனுப்புவேன். எழுதினால் அவள் தன் வாயைக் கட்டிச் சேர்த்து யாரிடமாவது கொடுத்து அனுப்பிவிடுவாள் என்று எனக்குத் தெரியும். 1986இல் அவள் கொழும்பிலேயே இறந்துபோனாள். என்னால் போக முடியவில்லை.

போன வருடம் அக்கா மகள் வந்திருந்தாள். அவளுக்கே பேரன் பேத்தி இருக்கிறார்கள். வங்கி லாக்கரிலிருந்து அட்டிகையை எடுத்து வந்து அவள் கையில் கொடுத்தேன். இப்போதெல்லாம் போட்டுக்கொண்டு போனால் யாரும் கேட்க மாட்டார்கள் என்றேன். உள்ளங்கையில் வைத்துத் திருப்பிப் பார்த்தாள்.

“அம்மா சோறு போட வந்தா முதல்ல வளையல் சத்தம்தான் வரும், மாமா. அந்த வளையல்னா வாங்கிக்கிடுவேன். இது யாருடையதுன்னே எனக்குத் தெரியலை.”

வருத்தப்பட்டுச் சொல்லவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னாள். அட்டிகையை என்னிடமே வைத்துவிட்டு அவள் போனபின், பழைய கணக்கு நோட்டை எடுத்தேன். அக்காவுக்கு எழுதாமல் விட்ட பதில் ஒன்று பாக்கி இருக்கிறது. இனி அவள் எதையும் சேர்த்து அனுப்ப முடியாது என்பதால் எழுதுகிறேன். ஆசாரிக்குக் கூலி 240 ரூபாய். சேதாரத்துக்குப் பொன் 195. தீர்வையும் அபராதமும் 2,850. கொச்சிக்குப் பஸ்ஸும் சாப்பாடும் 131 ரூபாய் 60 பைசா. மனுவுக்கு ஸ்டாம்பு 14 ரூபாய் 50 பைசா. ஆக மொத்தம், அக்கா, மூவாயிரத்து நானூற்று முப்பத்தொரு ரூபாய் பத்துப் பைசா.