சூப்பர்பியா: பெண்பால், ஒருமை

“சூப்பர்பியா. பெண்பால். ஒருமை. ஆறாம் வேற்றுமையில சூப்பர்பியேன்னு ஆகும்,” என்று காவலாளி பஞ்சுவிடம் சொல்லிக்கொண்டிருந்தார் மகாதேவன். வெளியே தண்ணீர் லாரி ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது.

“கேட்டத் தொறக்கட்டா, பாடத்தக் கேக்கட்டா? ஒண்ணு சொல்லுங்க சார்,” என்றார் பஞ்சு.

மும்பை செம்பூரில் நான்கு மாடி ஜானகி குடீரை இடித்துப் பதினெட்டு மாடியாக எழுப்பியபோது, சொசைட்டி செக்ரெட்டரி மகாதேவன் அடம்பிடித்து வைத்த பெயர் அது. கட்டி முடியும்வரை தொலைவில், டோம்பிவிலியில் குடியிருந்தார். பாங்க் வேலைக்கு வரும் லோக்கல் ரயிலில், அடுத்தவர் அக்குளுக்கடியில் கைப்பேசியைப் பிடித்தபடி கற்ற லத்தீன். ‘சூப்பர்’ என்றால் மேலே. அதிலிருந்து ‘சூப்பர்புஸ்’, தலை நிமிர்ந்தவன். அதிலிருந்து ‘சூப்பர்பியா’, பெருமிதம். லிஃப்டில் ஏறுகிறவர்களுக்கு ஏழாவது மாடிக்குள் இவ்வளவையும் சொல்லி முடித்துவிடுவார். அதற்குக் கீழே குடியிருப்பவர்கள் பாக்கியசாலிகள்.

நான்காவது மாடி சாதனா மட்டும் ஒருநாள் நின்று கேட்டாள். “அங்கிள், நெட்ல அகங்காரம்னு போட்டிருக்கு. கிறிஸ்டியன்ஸுக்கு அது பெரிய பாவமாம்.”

“நெட்ல படிச்சா இப்படித்தான். நல்ல அர்த்தத்துலயும் வரும்மா. அபூர்வமா வரும். நம்ம பில்டிங் அந்த அபூர்வம்.”

“மேலேன்னு அர்த்தமாம். மேலே தண்ணி ஏறலைன்னா, அதைப் பாருங்கோ,” என்பாள் மனைவி அகிலாண்டம்.

சென்ற மழைக்காலத்தில் ஒரு காலை அவளுக்கு ஆஸ்துமா இழுத்தது. சோபாவோடு இறக்கி வாசலில் வைத்தார்கள். ஆம்புலன்ஸ் டிரைவர் தெருவையே சுற்றிக்கொண்டு, அப்படி ஒரு கட்டடமே இல்லை என்று போனில் சாதித்தார். “சு-பெர்-பி-யா,” என்று அழுத்தம் பிசகாமல் திரும்பத் திரும்பச் சொன்னார் மகாதேவன். அகிலாண்டத்தின் உதடு நீலம் பாய்ந்தது.

பஞ்சு போனைப் பிடுங்கினார். “அரே, சூப்பர் பையா பில்டிங்! பெட்ரோல் பம்ப் கே பாஜூ மே!” என்று பக்கத்து பெட்ரோல் பம்பை அடையாளம் சொன்னார்.

“அச்சா, வோ பில்டிங்!” என்றார் டிரைவர். மறு நிமிடம் வண்டி வந்துவிட்டது. செம்பூரே அதை அப்படித்தான், ‘சூப்பர் அண்ணன்’ என்று இந்தியில் அழைக்கிறது என்பது செக்ரெட்டரிக்கு மட்டும் தெரியாது.

வண்டிக்குள் ஆக்ஸிஜன் ஏறி, அகிலாண்டத்தின் நெஞ்சு மெல்ல அடங்கியது. மகாதேவனுக்கும் அப்போதுதான் மூச்சு வந்தது. முன்னால் டிரைவர் யாருக்கோ போனில், நோயாளி கிடைத்துவிட்ட தகவலைச் சொன்னார்: “பேஷன்ட் மில் கயா. சூப்பர் பையா, செம்பூர்.”

மகாதேவன் தொண்டையைச் செருமினார். சுட்டுவிரல் எழுந்தது. அகிலாண்டம் கண்ணைத் திறக்காமலே அந்த விரலைப் பிடித்து இறக்கி, தன் வயிற்றின்மேல் அழுத்தி வைத்துக்கொண்டாள்.