நானாவின் கண்ணும் உம்மாவின் பயமும்

அக்குறணையில் துணிக்கடை வைத்திருக்கும் என் மூத்த சகோதரர், நானா, அடிக்கடி வாய்ப்புண்ணால் அவதிப்படுவார். உறைப்புச் சாப்பாட்டால் என்று நாங்கள் பெரிதுபடுத்தவில்லை. திடீரென இடது கண் சிவந்து வலித்தது. சில மாதங்களில் அதில் பார்வையே போய்விட்டது.

உடம்பின் எதிர்ப்பு சக்தியே இரத்தக் குழாய்களைத் தாக்கிப் புண்ணாக்குகிறது என்று கண்டியில் டொக்டர் விளக்கினார். "இது பெஹ்செட் நோய். சில பேருக்கு இது வரக்கூடிய தன்மை பரம்பரையிலேயே இருக்கும். குடும்பத்துல வேற யாருக்காவது வாய்ப்புண் வருதா?"

"எனக்கு வரும், சின்ன வயசிலிருந்தே," என்றார் கூட வந்திருந்த எங்கள் உம்மா. சொன்ன பிறகுதான் அவருக்கு விளங்கியது. "அப்ப நான்தானா என்ட புள்ளைக்கு இதக் குடுத்த?"

அது மட்டுமே காரணமில்லை என்று டொக்டர் சொன்னது உம்மாவின் காதில் ஏறவில்லை. நானா அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "தெரிஞ்சா தந்தீங்க, உம்மா?"

இப்போது நானாவின் வலது கண்ணும் மங்குகிறது. நான் அவரைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போகும் காலைகளில், உம்மா டோர்ச்சோடு என் முன்னால் வந்து நிற்கிறார்.

"வாயத் தொறங்க மகன்."

முப்பது வயது தாண்டிய நான் வாயைத் திறக்கிறேன். புண்ணைக் கண்டாலும் அவரால் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. இருந்தும், அவர் பார்த்து முடிக்கும்வரை நான் மூடுவதில்லை.