சிவப்புக் கொடி காட்டி நிறுத்திய பஸ்

போன தீபாவளியன்று, திண்டிவனம் தாண்டி விழுப்புரம் போகிற சாலையோரம், காற்றாலை இறக்கை ஏற்றிய டிரெய்லரோடு தன்னந்தனியாக நின்றேன். அவ்வளவு நீளமான சுமையை நகர்த்தத் தனி பர்மிட் வேண்டும். பர்மிட் இருந்தும், பண்டிகை நெரிசல் தீரும்வரை அசையக்கூடாது என்று போலீஸ் ஓரங்கட்டிவிட்டது. முன்னால் வழிகாட்டிப் போகும் ஜீப்காரர்களும் ஊருக்குக் கிளம்பிவிட்டார்கள்.

கொடுமை என்னவென்றால், என் வீடு வளவனூரில். பஸ் ஏறினால் ஒரு மணி நேரம். அங்கே மகளுக்குத் தலை தீபாவளி. மாப்பிள்ளையை வாசலில் நின்று அழைக்க வேண்டியவன், டயர் நிழலில் உட்கார்ந்து பொட்டலச் சோறு தின்றுகொண்டிருந்தேன். பக்கத்து ஊர்ப் பிள்ளைகள் விடும் ராக்கெட் ஒன்று இறக்கைமேல் விழுந்தாலும் என் பிழைப்பு காலி. அதை விட்டு எப்படிப் போவது? ஊரே வெடி வெடிக்க, எனக்கு அழுகைதான் வந்தது.

மறுநாள் வேலை இருந்ததால் மகளும் மாப்பிள்ளையும் அன்று சாயங்காலமே சென்னைக்குப் பஸ் ஏறினார்கள். "அப்பா, பஸ்ஸு உன்னாண்டதான் வந்துக்கினு இருக்குது. ஜன்னல்லேர்ந்து பாக்குறேன், நில்லு" என்று மகள் போன் செய்தாள்.

எதிர்ப்பக்கம் போகிற பஸ்ஸுக்கு இறக்கை தெரியும், நான் தெரிவேனா? டிரெய்லர்மேல் ஏறி, சுமையின் வாலில் கட்டியிருந்த சிவப்புக் கொடியை அவிழ்த்து ஆட்டினேன். இத்தனை வருஷம் வண்டி ஓட்டியும் அந்த நேரத்தில் புத்தி வேலை செய்யவில்லை. பஸ் டிரைவர் பதறிப்போய்ப் பிரேக் போட்டு ஓரங்கட்டினார்.

"யோவ், இன்னாய்யா ஆச்சு? இன்னாத்துக்குக் கொடி காட்ற?" என்று கத்தினார். நான் கொடியைப் போட்டுவிட்டு டிரெய்லரிலிருந்து கீழே இறங்கினேன். மகள் எழுந்து போய் அவரிடம் விஷயத்தைச் சொன்னாள்.

"தல தீவாளிக்கு இங்கயா நிக்கிறாரு? ஜல்தி போய்ப் பாத்துட்டு வாங்கம்மா" என்று கதவைத் திறந்துவிட்டாராம்.

இருவரும் சாலையைக் கடந்து வந்து என் காலில் விழுந்தார்கள். கிரீஸ் கையைக் கைலியில் துடைத்துவிட்டுத் தலையைத் தொட்டேன். "நல்லா இருங்க" என்றேன். ஹாரன் அடித்தது, ஓடிவிட்டார்கள்.

பஸ் போன பிறகு அந்த இடம் முன்னைவிட வெறிச்சென்று ஆகிவிட்டது. டிரைவருக்கு ஒரு நன்றிகூடச் சொல்லவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. இன்றும் வண்டியோடு எங்காவது தனியாக நிற்க நேர்ந்தால், என்னைத் திட்டிய கையோடு என் பிள்ளைகளை இறக்கிவிட்ட அந்த டிரைவரின் குரல்தான் எனக்குத் துணை.