கிழக்கு பார்த்த மெஷின்

பதினான்காம் நாள் காலை பத்து மணிக்குக் காடை முட்டை மெஷினின் டிஸ்பிளே 101 டிகிரி ஃபாரன்ஹீட் காட்டியது. இருக்க வேண்டியது 99.5. ஹீட்டர் அணைந்துதான் இருந்தது, விசிறியும் ஓடிக்கொண்டிருந்தது. ஆனாலும் சூடு ஏறிக்கொண்டே போனது.

"ஹீட்டர் ஆஃப்லதானே இருக்குது. சூடு எங்கருந்து வருது?" என்றார் முதலாளி.

"முட்டையிலருந்துதாங்க" என்றேன்.

தியாகதுருகம் ரோட்டில் இருந்த அந்தக் குஞ்சு பொரிப்பகத்தில் பதினோரு வருடம் நான் ஆபரேட்டர். புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். முதல் வாரம் முட்டைக்கு நாம் சூடு கொடுக்க வேண்டும். பன்னிரண்டு நாள் தாண்டினால் உள்ளே இருக்கும் குஞ்சே சூடு விட ஆரம்பிக்கும். அதனால்தான் வாரம் இரண்டு முறை கொஞ்சம் கொஞ்சமாக முட்டை அடுக்குவோம். பழைய முட்டையின் சூட்டைப் புது முட்டை வாங்கிக்கொள்ளும், மிச்சம் மெஷினின் பின்பக்க ஓட்டை வழியாக வெளியே போய்விடும்.

இதற்குக் குறுக்கே ஒரு வாஸ்துக்காரர் வந்தார். சித்திரையில் ஒரு பேட்ச் சரியாகப் பொரியவில்லை. தெர்மாமீட்டர் பழுது என்று நான் கண்டுபிடித்தேன். மெஷின் கதவு எமன் திசையைப் பார்த்திருக்கிறது என்று அவர் கண்டுபிடித்தார். அவர் தட்சிணை வாங்கியதால் அவர் சொன்னதுதான் எடுபட்டது. தெற்கு பார்த்த கதவைக் கிழக்கே திருப்பினோம். பின்பக்க ஓட்டை போய் மேற்குச் சுவரோடு ஒட்டிக்கொண்டது. ஆடி முழுக்க ஒரு முட்டையும் வைக்கவில்லை. ஆவணி முதல் முகூர்த்தத்தில், ஒரே நல்ல நேரத்தில், மெஷின் கொள்ளும் அளவுக்கு அடுக்கினோம். எல்லா முட்டைக்கும் ஒரே வயது. தப்பு என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் வாயை மூடிக்கொண்டு அடுக்கியவன் நான்தான்.

கீழ்த் தட்டில் நாற்பது கினிக்கோழி முட்டை இருந்தது. கரியாலூரிலிருந்து சின்னப்பொண்ணு என்கிற அம்மா, மலை வளைவெல்லாம் மடியிலேயே வைத்துக்கொண்டு பஸ்ஸில் கொண்டுவந்த முட்டை. "இதோட கோழி முட்ட வெக்கறத நிறுத்திடும்ணே. இது போனா அடுத்த வருசந்தான்" என்று சொல்லிக் கொடுத்திருந்தார். முட்டை எப்படி இருக்கிறது என்று பார்க்க அன்றைக்கு வந்தவர், எங்கள் பின்னால் நின்று டிஸ்பிளேயைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

101.6.

"கதவத் தொறந்து வெச்சிட்டு மெஷின கொஞ்சம் முன்னால இழுத்துக்கலாங்க" என்றேன்.

"தொறந்தா காத்து பூந்துடும். வாஸ்துக்காரரக் கேக்காம மெஷின நவுத்தக் கூடாது. ரோட்டுக்குப் போயி ரெண்டு தடவ போன் போட்டுட்டேன், எடுக்க மாட்டேங்கறாரு, பூஜையில இருப்பாரு."

102. 103-ஐத் தாண்டி நின்றால் குஞ்சு ஓட்டுக்குள்ளேயே செத்துப்போகும். பூஜை முடியும்வரை சூடு காத்திருக்குமா? முதலாளியை எதிர்த்துப் பேசும் தைரியம் எனக்குக் கிடையாது. ஆனால் கரண்ட் போனால் மட்டும் அவர் யாரையும் குறை சொல்ல மாட்டார், தலையெழுத்து என்று ஒத்துக்கொள்வார். கட்டடத்துக்குப் பின்னால் போய் மெயின் சுவிட்சை இறக்கினேன்.

"கரண்ட் பூடுச்சுங்க" என்று சோகமாக உள்ளே வந்தேன்.

தலையில் அடித்துக்கொண்டு கரண்ட் ஆபீசுக்குப் போன் போட ரோட்டுக்கு ஓடினார். கட்டடத்துக்குள் சிக்னல் கிடைக்காது. ஜெனரேட்டர், கயிறு இழுத்து ஸ்டார்ட் செய்கிற பழையது. இழுப்பது என் வேலை. அன்றைக்கு நான் அந்தப் பக்கமே போகவில்லை.

கதவை விரியத் திறந்து, சூடு தணிய முட்டைமேல் வெதுவெதுப்பான தண்ணீரை ஸ்பிரே செய்தேன். சக்கரத்தின் லாக்கை எடுத்துவிட்டு மெஷினை இழுத்தேன், அசையவில்லை. சின்னப்பொண்ணு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்து ஒரு பக்கம் பிடித்தார். ஒரு முழம் முன்னால் வந்தது, பின்பக்க ஓட்டை சுவரை விட்டு விலகியது.

"கரண்ட நீங்கதான் நிறுத்துனீங்களாண்ணே?"

தலையாட்டினேன். எல்லாவற்றையும் ஒன்றாக அடுக்கியதுதான் தப்பு என்றும் சொன்னேன்.

"வாயால சொல்ல பயம். கரண்ட நிறுத்த பயமில்ல. நல்லா இருக்குதுண்ணே உங்க ஞாயம். அடுக்கற அன்னிக்கே சொல்லியிருந்தா எம் முட்ட இப்பிடி வேவுமா?"

எனக்கு வெட்கமாக இருந்தது.

உள்ளே தொங்கிய கண்ணாடித் தெர்மாமீட்டர் நூறுக்குக் கீழே இறங்கியதும் மெயினை ஏற்றினேன். முதலாளி வேர்த்து விறுவிறுத்து வந்தார். "ஒரு போன்தான் போட்டேன். ஒடனே வுட்டுட்டான் பாத்தியா" என்றார். மெஷின் முன்னால் வந்திருந்ததை அவர் கவனிக்கவில்லை. கதவு கிழக்கே பார்க்கிறதா என்று மட்டும் பார்த்தார்.

காடை பதினேழாம் நாள் பொரிந்தது, வழக்கத்தைவிடக் கம்மி. இருபத்தேழாம் நாள் கினிக்கோழிக் குஞ்சு முப்பத்தொன்று வந்தது. ஓட்டை போட்ட அட்டைப்பெட்டியோடு கிளம்பிய சின்னப்பொண்ணுவிடம் முதலாளி, "கெழக்கப் பாத்து வெச்சோம் இல்ல, அதாம்மா" என்றார்.

"ஆமாங்க. ஒம்போதுக்குத்தான் தெச சரியில்ல போலக்குது" என்று சொல்லிவிட்டு அந்த அம்மா என்னைப் பார்த்தார்.

கரண்ட் போன பயம் முதலாளிக்குப் போகவில்லை. புது ஜெனரேட்டர் வாங்கினார். கரண்ட் நின்றால் சில நொடியில் தானாகவே ஓடும். "இனிமே ஒனக்குக் கவலயே இல்ல" என்று என் தோளில் தட்டினார். அந்த வருடம் மார்கழியிலும் மெஷினைக் காலியாக வைத்துவிட்டு, தை முதல் முகூர்த்தத்தில் மறுபடி முழுசாக அடுக்கச் சொன்னார்.

இனி மெயினை இறக்கிப் பிரயோஜனமில்லை. தட்டைக் கீழே வைத்தேன்.

"முடியாதுங்க. இன்னிக்கிப் பாதி, மீதி அடுத்த வாரம். ஒண்ணா வெச்சா ஆவணியில ஆனமாரி வெந்துடும்."

"செரி, அப்பிடியே செய்யி" என்றார் முதலாளி. "இத அப்பவே சொல்றதுக்கு இன்னா?"