பெருநிலக் கிளையில் எல்லாரும் நம்மவர்கள்

ஜார்ஜ் டவுனில் ஒரு பழைய கடைவீட்டு மாடியில் எங்கள் அலுவலகம். லிஃப்ட் பராமரிப்பதுதான் தொழில். வெளியே ஓடும் டெக்னீஷன்களை நிர்வகிக்கப் புதிய மென்பொருள் வந்தபோது, யாருக்குக் கீழே யார் என்று பெட்டி பெட்டியாக அடுக்கும் வேலை என் தலையில் விழுந்தது. எனக்கோ ஒரு இடத்தில் உட்காரத் தெரியாது. ஒரு பெட்டியை இழுத்து வைப்பேன், எழுந்து போய்த் தேநீர் கலக்குவேன், திரும்பி வந்து அதையே கலைப்பேன்.

ஜார்ஜ் டவுன் இருக்கும் தீவுக்கு ஒரு கிளை, பாலம் தாண்டிய பெருநிலத்துக்கு ஒரு கிளை என்பது தலைமையகத்தின் உத்தரவு. எதில் யார் என்பதை என்னிடம் விட்டார்கள். பெருநிலத்தில் செபராங் ஜெயாவில் குடியிருந்த டெக்னீஷன் ஒருவன் என் மேசையருகே வந்து நின்றான்.

“அக்கா, நம்ம ஆளுங்கள எல்லாம் ஒன்னா போட்டுடுங்க லா. சேர்ந்து சாப்புடுவோம், சேர்ந்து வேல செய்வோம்.”

எனக்கும் அது பிடித்திருந்தது. தமிழர்கள் எல்லாரையும் பெருநிலக் கிளையில் போட்டேன், மற்றவர்களைத் தீவுக் கிளையில். பார்க்கவே கல்யாணப் பந்தி மாதிரி நிறைவாக இருந்தது. தலைமையகம் உடனே அதைப் பூட்டியது. இனி ஆண்டு நடுவில்தான் மாற்ற முடியும்.

தைப்பூசம் நெருங்கியபோதுதான் சிக்கல் புரிந்தது. விடுமுறையிலும் லிஃப்டுக்குள் யாராவது மாட்டிக்கொண்டால் ஓட ஒரு ஆள் வேண்டும். கிளை பிரிக்கும்வரை தைப்பூசத்துக்கு மலாய்க்காரர்களும் சீனர்களும் பார்த்துக்கொள்வார்கள். நோன்புப் பெருநாளுக்கு நம்மவர்கள். மென்பொருளோ கிளைக்குள்ளேயே ஆள் தேடியது. மற்றவர்கள் முந்திக்கொண்டு லீவு போட்டிருந்ததால், மிஞ்சிய செபராங் ஜெயாத் தம்பியின் பெயரைப் போட்டது.

பல வருடம் கழித்து அவனுக்குப் பிறந்த குழந்தை. தைப்பூசத்தன்று கரும்புத் தொட்டிலில் தண்ணீர்மலைக் கோயிலுக்குத் தூக்கி வருவதாக வேண்டுதல்.

“தொட்டில வீட்டுக்காரி தனியா தூக்க முடியாதுக்கா,” என்றான்.

கோலாலம்பூர்த் தலைமையகத்தை அழைத்தேன், மறுபடியும் அழைத்தேன். முடியாது என்றார்கள். என் கோபம் மென்பொருள் மேலா, தலைமையகத்தின் மேலா, என் மேலா என்றே தெரியவில்லை.

தீவுக் கிளையில் ஒரு மலாய் டெக்னீஷன், தம்பியோடு பல வருடம் ஜோடியாக ஓடியவன். விஷயத்தைக் கேட்டுச் சிரித்தான். மென்பொருள் ஆளைக் கண்டுகொள்வதே கம்பெனி கைப்பேசியை வைத்துத்தான்; தம்பியினுடையதை வாங்கித் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். நோன்புப் பெருநாளுக்குத் தன் கைப்பேசியைத் தம்பி வைத்துக்கொண்டால் சரி என்று மலாயில் சொல்லிவிட்டுப் போனான்.

தைப்பூசத்தன்று மலையடிவாரத் தண்ணீர்ப்பந்தலில் மோர் ஊற்றினேன். ஊற்றுவதும் என் கைப்பேசியைப் பார்ப்பதுமாக இருந்ததில், “டம்ளர் வழியுது பாருங்க” என்று பக்கத்துப் பெண்ணிடம் திட்டு வாங்கினேன். கைப்பேசி அதிர்ந்தது. செபராங் ஜெயாவில் ஒரு லிஃப்ட் நின்றுவிட்டது, உள்ளே ஆள். வரைபடத்தில் தம்பியின் பெயர் போட்ட புள்ளி அங்கே நகர்ந்து போய் நின்றது. கொஞ்ச நேரத்தில், ஆளை மீட்டாயிற்று, வேலை முடிந்தது என்று அவன் பெயரிலேயே செய்தி வந்தது.

நிமிர்ந்தேன். கரும்பின் ஒரு முனையைத் தோளில் வைத்து, வெறுங்காலோடு அவன் வந்துகொண்டிருந்தான். மறுமுனையில் மனைவி. நடுவே மஞ்சள் துணிக்குள் குழந்தை தூங்கியது. எனக்கு அழுகை வந்துவிட்டது. அவன் மோருக்குக் கை நீட்டினான்.

“அக்கா, ஏதாச்சும் கால் வந்துச்சா?”

“வந்துச்சு. நீ போய் சரிபண்ணிட்ட,” என்றேன்.